நாலு பெட் நல்லா வந்துச்சு, இருபது பெட் ஏன் அழுகுச்சு: ஈரோடு பக்கம் ஒரு வீட்டுக் காளான் வளர்ப்பு, டிசம்பர்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும்

பின்னணி

இது ஈரோட்டுக்கு வெளிய ஒரு வீட்டுல நடந்தது. வீட்டுல நாலு பேரு. வீட்டுக்காரர் விசைத்தறி கூடத்துல சூப்பர்வைசர், அவரோட மனைவி வீட்டுல இருந்தே தையல் வேலை பாக்கறவங்க, பதினோரு வயசு பொண்ணு, அப்புறம் வீட்டுக்காரரோட அம்மா. அம்மாவுக்கு 68 வயசு, ஊர்ல இருந்த வரைக்கும் மாடு கன்னுன்னு இருந்தவங்க, டவுனுக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு. நான் அடுத்த தெரு, நாலு வருஷமா வீட்டுல சிப்பிக் காளான் போட்டுட்டு இருக்கேன், அதனால நடுவுல என்னை கூப்பிட்டாங்க. அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன், பேரு யாருக்கும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. இதுல என் தப்பு ஒண்ணும் இருக்கு, அதையும் மறைக்காம எழுதியிருக்கேன்.

ஆரம்பிச்சது அந்த தையல் அக்கா. (என்னைவிட சின்னவங்கதான், என்னை அக்கான்னுதான் கூப்பிடுவாங்க, ஆனா தெருவுல எல்லாரும் தையல் அக்கான்னு சொல்லி சொல்லி எனக்கும் அதே வந்துடுச்சு.) பொண்ணுக்கு காளான்னா உயிரு. கடையில வாங்கற பட்டன் காளான் பாக்கெட் 2 நாள்ல பழுப்பாகி வழவழன்னு ஆயிடுதேன்னு யோசிச்சவங்க, கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல ஒரு நாள் காளான் பயிற்சி நடக்கும்ல, அதுக்கு ஒரு தடவை போய்ட்டு வந்தாங்க. வந்ததும் 2 விதை பாக்கெட் (வேக வெச்ச சோளத்துல காளான் பூஞ்சணத்தை வளர்த்து வெச்சது) வாங்கினாங்க.

இடம்னு பாத்தா வீட்டோட வடக்கு ஓரத்துல பழைய சாமான் போட்டு வெச்சிருந்த ரூம், 8க்கு 7 அடி இருக்கும், காங்கிரீட் கூரை, ஒரே ஒரு சின்ன ஜன்னல். அந்த ரூமுக்கும் அவங்க படுக்கற ரூமுக்கும் நடுவுல ஒரே சுவரு, அந்த சுவத்துல மேல ஒரு வெண்டிலேட்டர். இந்த வெண்டிலேட்டரை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

மார்கழி பெட்: டிசம்பர், ஜனவரி

முதல் தடவை எல்லாமே பயிற்சில சொன்ன மாதிரி அச்சு பிசகாம செஞ்சாங்க. வைக்கோலை 2 இஞ்சுக்கு வெட்டி, ராத்திரி முழுக்க ஊற வெச்சு, காலைல அண்டாவுல போட்டு 45 நிமிஷம் வேக வெச்சு, வடிச்சு, துவைச்ச வேட்டி மேல நிழல்ல பரப்பி ஆற வெச்சாங்க. ஒரு கை வைக்கோலை அள்ளி இறுக்கிப் புடிச்சா தண்ணி சொட்டக்கூடாது, ஆனா உள்ளங்கை ஈரமாகணும், அந்த பதத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருந்தாங்க, மூணு மணி நேரம் ஆச்சாம். அப்புறம் 12க்கு 24 இஞ்ச் பாலிதீன் கவர்ல ஒரு அடுக்கு வைக்கோல் ஒரு அடுக்கு விதைன்னு அஞ்சு அடுக்கு போட்டு, ஒரு பாக்கெட்டுக்கு 2 பெட், மொத்தம் 4 பெட். பெட்டுக்கு காஞ்ச வைக்கோல் அரை கிலோ. கயித்துல உறி கட்டி தொங்க விட்டாங்க.

பதினேழாம் நாள் விதைல இருந்து கிளம்பற பூஞ்சண இழை பெட் முழுக்க வெள்ளையா ஓடிடுச்சு. கவரை கிழிச்சு விட்ட நாலாம் நாள் மொட்டு, அதுல இருந்து மூணாம் நாள் முதல் அறுப்பு. மூணு தடவை அறுத்ததுல மொத்தம் 1 கிலோ 900 கிராம். 2 கிலோ காஞ்ச வைக்கோலுக்கு 1.9 கிலோ காளான்னா 95 சதவீதம், புதுசா போடறவங்களுக்கு இது ரொம்ப நல்ல கணக்கு.

ஆனா இந்த வெற்றிக்கு அவங்க மனசுல எழுதிக்கிட்ட காரணம் வேற. ஒரு நாளைக்கு நாலு தடவை ஸ்பிரே அடிச்சேன் அதான் வந்துச்சுன்னு நினைச்சாங்க, ஜன்னலை சாத்தி வெச்சேன் ஈரம் நின்னுச்சுன்னு நினைச்சாங்க. உண்மையில அந்த ரெண்டையும் தாங்கிக்கிட்டது மார்கழி. சிப்பிக் காளானுக்கு 20ல இருந்து 28 டிகிரி வரைக்கும் சுகம், காத்துல ஈரம் 80 சதவீதத்துக்கு மேல வேணும், அந்த மாசத்துல எங்க ஊர்ல ரெண்டும் கிட்டத்தட்ட சும்மாவே கிடைக்கும். 4 பெட்டு அந்த ரூமுக்கு ஒண்ணுமே இல்ல, தொங்க விட்டதால நாலு பக்கமும் காத்து பட்டுச்சு. ரூம்ல தெர்மாமீட்டர் கிடையாது, ஒரு நாள் கூட வெப்பம் எழுதி வெக்கல. எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியாமலே ஜெயிச்சாச்சு, பின்னாடி வந்த கஷ்டத்துல பாதி அதனாலதான்.

அடுப்படில நடந்தது

சமையல்லயும் முதல் தடவை சொதப்பல்தான், ஆனா அது சீக்கிரம் சரியாச்சு. முதல் அறுப்பு 700 கிராம் வந்ததை கழுவறேன்னு ஒரு பேசின் தண்ணில கால் மணி நேரம் போட்டு வெச்சுட்டாங்க, சிப்பிக் காளான் அடியில இருக்கற மடிப்பு மடிப்பான செதில் தண்ணியை பஞ்சு மாதிரி உறிஞ்சிடும். அதை அப்படியே மசாலா கொதிக்கற குழம்புல போட்டாங்க. குழம்பு நீர்த்துப்போச்சு, காளான் வழுவழுன்னு ரப்பர் மாதிரி கிடந்துச்சு, பொண்ணு ஒரு வாய் சாப்பிட்டு தட்டை தள்ளிடுச்சு.

மாமியார்தான் மாத்தினாங்க. மழைக்காலத்துல புத்துக் காளான் ஆக்கின கை அது. "கண்ணு, காளானை தண்ணில போடாத, அதுக்குள்ளயே தண்ணி இருக்குது, அதை முதல்ல வெளிய வர வை"ன்னாங்க. அடுத்த தடவை கத்தியால தண்டோட அடியை மட்டும் நறுக்கி, ஓடற தண்ணில ஒரு அலசு அலசி, துணில ஒத்தி எடுத்து, கையாலயே நீளவாக்குல கிழிச்சு (சிப்பிக் காளானை கத்தி வெச்சு வெட்டினா அந்த நார் நாரான கடி போயிடும்), இரும்பு வடச்சட்டிய நல்லா காய வெச்சு எண்ணெய் இல்லாம வெறுஞ்சட்டில போட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல தண்ணி விட்டு கொதிக்கும், மூடி போடாம தீயை பெருசாவே வெச்சா அந்த தண்ணி அஞ்சாறு நிமிஷத்துல வத்தி, சத்தம் மாறும். கொதிக்கற சத்தம் போய் பொரியற சத்தம் வரும். அப்பதான் எண்ணெய், உப்பு எல்லாம். காளான் கறி மாதிரியோ காய் மாதிரியோ கிடையாது, அதோட செல் சுவரு கைட்டின்ங்கற பொருளால ஆனது, நேரம் கூட ஆனாலும் குழையாது, அதனால வத்தற வரைக்கும் பயமில்லாம விடலாம். பச்சையா மட்டும் சாப்பிடக்கூடாது, நல்லா வேகணும்.

அதுல அவங்க செஞ்சது பள்ளிபாளையம் மாதிரி. காவிரிக்கு அந்தப் பக்கம்தானே பள்ளிபாளையம், எங்க பக்கம் அதுக்கு யாரும் ரெசிபி கேக்கறதில்ல. சின்ன வெங்காயம் ஒரு கை, வரமிளகா பத்து விதை தட்டிட்டு கிள்ளிப் போட்டது, கறிவேப்பிலை, பூண்டு, பல்லு பல்லா கீறின தேங்காய், மஞ்சத்தூள், அவ்வளவுதான், மசாலாத்தூள் கிடையாது. கோழிக்கு பதிலா காளான். தேங்காய்ப் பல்லு பொன்னிறமாகும்போது காளான் ஓரமும் முறுகிட்டு வரணும். அன்னிக்கு 600 கிராம் ஒரே வேளையில தீந்துச்சு. பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போச்சு, அங்க இருந்து இன்னொரு வீட்டுக்கு பேச்சு போச்சு. இருபது பெட் யோசனை அந்த கிண்ணத்துல இருந்து வந்ததுதான்.

இருபது பெட்: பிப்ரவரி

எட்டு வீட்டுல இருந்து ஆர்டர், வீட்டுக்கு 50 ரூபா அட்வான்ஸ். பிப்ரவரி ரெண்டாவது வாரம் 10 விதை பாக்கெட் வாங்கி 20 பெட் போட்டாங்க. 10 கிலோ காஞ்ச வைக்கோல். இங்க மாறினது எல்லாம் தனித்தனியா பாத்தா சின்ன சின்ன விஷயம்.

அண்டா ஒண்ணுதான் இருக்கு, 10 கிலோ வைக்கோலை வேக வெக்கணும்னா அஞ்சாறு ஈடு ஆகும், சிலிண்டர் என்னத்துக்கு ஆகும்னு, கொதிக்கற தண்ணியை ட்ரம்ல இருந்த வைக்கோல் மேல ஊத்தி மூடி வெச்சுட்டாங்க. மேல சூடா இருந்திருக்கும், அடியில வெதுவெதுப்புதான். ஆற வெக்க மூணு மணி நேரம் இல்ல, தையல் வேலை வேற இருந்துச்சு, ஒரு மணி நேரத்துல பெட் போட்டாச்சு. தண்ணி சொட்டுதான்னு பாக்கலையான்னு கேட்டேன், "பாத்தேங்க்கா, கொஞ்சூண்டு சொட்டுச்சு"ன்னாங்க. விதை பாக்கெட்டுல மூணு நாலுல அடியில மஞ்சளா தண்ணி கோத்து இருந்திருக்கு, அது பழசான இல்ல சூடு பட்ட விதைக்கு அடையாளம், கடைக்காரர் பரவால்லன்னு சொன்னதும் வாங்கிட்டு வந்துட்டாங்க. உறி கட்ட இடம் பத்தாததால ஸ்லாப் ரேக்குல பெட்டை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ரெண்டு அடுக்கா அடுக்கினாங்க. ஈரம் போயிடக்கூடாதுன்னு ஜன்னல்ல நனைச்ச சாக்கை ஆணி அடிச்சு மூடினாங்க, ஸ்பிரே நாலு தடவைல இருந்து ஆறு தடவை ஆச்சு. இந்த கடைசி ரெண்டும் முதல் வெற்றி சொல்லிக் கொடுத்த பாடம்.

பத்தாம் நாள் பாத்தது

ஆறாம் நாளே சில பெட்ல மிளகு அளவு பச்சைப் புள்ளி வந்திருக்கு, வைக்கோல் நிறம்னு விட்டுட்டாங்க. பத்தாம் நாள் சாயங்காலம் என்னை கூப்பிட்டாங்க. கதவை திறந்ததுமே புளிச்ச வாடை, மோர் கெட்டுப்போனா வருமே அது. நல்லா ஓடற பெட்ல அந்த வாடை இருக்காது, மழை பெஞ்ச மண் மாதிரி, லேசா சோம்பு மாதிரி கூட மணக்கும்.

எண்ணிப் பாத்தோம். 20ல 7 பெட்டு உள்ளங்கை அகலத்துக்கு பச்சை பிடிச்சிருந்துச்சு, டிரைக்கோடெர்மான்னு சொல்ற பச்சைப் பூஞ்சணம். வயல்ல நோய்க்கு மருந்தா போடற அதே இனம், காளானுக்கு மட்டும் எமன். 4 பெட்டு அடியில கருப்பா தண்ணி கட்டி அழுகிக் கிடந்துச்சு, விதை போட்ட அடையாளமே இல்ல. மீதி 9 சுமாரா வெள்ளையா இருந்துச்சு. அழுகின ஒரு பெட்ல ஓட்டை வழியா ஒல்லியா சாம்பல் குடை மாதிரி நாலஞ்சு முளைச்சிருந்துச்சு, மைக்குடைக் காளான், வைக்கோல் சரியா வேகாம ஈரம் அதிகமானா அது வரும், ஒரே நாள்ல கருத்து மை மாதிரி வழிஞ்சிடும். பொண்ணு "அம்மா இதுவும் காளான்தானே, இத சமைக்கலாமா"ன்னு கேட்டுச்சு. நாம விதைச்சது எதுவோ அதை மட்டும்தான் தின்னணும், பெட்ல தானா வந்ததுக்கு பேரு களை. வெள்ளிக் காசு போட்டு பாக்கறது, பூண்டு போட்டு பாக்கறது எல்லாம் விஷத்தை காட்டாதுன்னு அப்பவே உக்கார வெச்சு சொன்னோம்.

நான் பச்சையையே பாத்துட்டு இருந்தேன். மாமியார் வந்து ரெண்டு பெட்டுக்கு நடுவுல புறங்கையை விட்டு பாத்தாங்க. "இது வேகுது சாமி. ஈர வைக்கோலை போர் போட்டா உள்ள வேகும், அதே சூடு இது. எங்க அப்பாரு போர்ல கைய விட்டு பாத்துட்டு பிரிச்சுப் போடச் சொல்லுவாரு"ன்னாங்க. எனக்கு அது தோணவே இல்ல. வீட்டுக்கு போய் தெர்மாமீட்டர் எடுத்துட்டு வந்து வெச்சோம், ரூம் நடுவுல 31, ஒட்டி இருந்த பெட்டுங்களுக்கு இடையில 37. காளானோட பூஞ்சண இழை வளரும்போது மூச்சு விடுது, அதுல சூடு வரும், தனியா தொங்கற பெட்டுன்னா அந்த சூடு காத்துல போயிடும், அடுக்கி வெச்சா போக வழி இல்ல. 37ல சிப்பிக் காளான் சோர்ந்து போகும், சோர்ந்த பெட்டை பச்சை சுலபமா பிடிச்சுக்கும். எட்டு அடி ரூம்ல இருபது பெட்டு போட்டா அந்த ரூமே ஒரு வைக்கப்போருதான்.

எடுத்த முடிவுகளும் ஒரு தப்பும்

அழுகின 4, பச்சை 7, பதினொன்னையும் கவரோட, அவுக்காம, வெளிய கொண்டு போய் குழில போட்டு சுண்ணாம்பு தூவி மூடணும்னு சொன்னேன். உள்ள வெச்சு கவரை பிரிச்சா பச்சைத்தூள் பறந்து எல்லாத்துலயும் உக்காரும். தையல் அக்காவுக்கு மனசு வரல. எட்டு வீட்டு அட்வான்ஸ், போட்ட காசு, ரெண்டு நாள் உழைப்பு. "அக்கா, இந்த ரெண்டுல கொஞ்சம்தான் இருக்கு, அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துட்டு பாப்போமே"ன்னு கேட்டாங்க. அவங்க முகத்தை பாத்துட்டு நான் சரின்னு சொல்லிட்டேன். பச்சை தெரியற இடத்துல மட்டும் இல்ல, தெரியறதுக்கு முன்னாடியே உள்ள ஓடியிருக்கும்னு எனக்கு தெரியும், தெரிஞ்சும் சொன்னேன். ஒரு வாரத்துல அந்த ரெண்டும் முழுசா பச்சையாச்சு, பக்கத்துல இருந்த 3 நல்ல பெட்டையும் இழுத்துட்டு போச்சு. 9 ஆறாச்சு.

மத்ததெல்லாம் உடனே செஞ்சோம். மீதி பெட்டுங்களை ஒரு சாண் இடைவெளி விட்டு உறில தொங்க விட்டோம். ஜன்னல் சாக்கை கழட்டிட்டு நைலான் வலை அடிச்சோம், ஈ உள்ள வராது காத்து வரும். ஸ்பிரேயை பெட் மேல அடிக்கறதை நிறுத்திட்டு தரைல மணல் பரப்பி அதுல தண்ணி தெளிச்சோம், சுவத்தோரமா ஈரச்சாக்கு தொங்க விட்டோம். ஈரம் காத்துல இருக்கணும், காளான் மேல நிக்கக்கூடாது.

இன்னொரு பெரிய முடிவு, ஆடி வரைக்கும் புதுசா சிப்பி போடறதில்லன்னு. இதுக்குதான் ரொம்ப நேரம் பேசினோம். அவங்க திரும்ப 10 பாக்கெட் வாங்கி உடனே போட்டு ஆர்டரை முடிக்கணும்னு நின்னாங்க. மார்ச் வந்தாச்சு, எங்க ஊர்ல மதியம் 35ஐ தாண்ட ஆரம்பிக்கும், பயிற்சில குடுத்த தாள்லயே வெப்பம் எழுதியிருக்கு, எடுத்து காட்டினேன். வீட்டுக்காரர்தான் முடிச்சு வெச்சார், "வாங்கின காச குடுத்துரு, பேரு கெட்டா திரும்ப வராது"ன்னு. எட்டு வீட்டுக்கும் சேத்து 400 ரூபா திருப்பிக் கொடுத்தாங்க.

தப்பிச்ச 6 பெட்ல கிடைச்சது மொத்தம் 2 கிலோ 100 கிராம். போட்ட 10 கிலோ வைக்கோலுக்கு கணக்கு போட்டா 21 சதவீதம். முதல் அறுப்பு வேற தண்டு நீளமா குடை சின்னதா வந்துச்சு, எக்காளம் மாதிரி. அது சத்து குறைவு இல்ல, காத்து பத்தாத ரூம்ல கார்பன் டை ஆக்சைடு சேந்ததுக்கு காளான் சொல்ற பதில். ரெண்டாவது அறுப்புல குடை விரிஞ்சு சரியா வந்துச்சு.

இருமல்

இது காளான் சம்பந்தப்பட்டதுன்னு கடைசி வரைக்கும் யாரும் நினைக்கல. வீட்டுக்காரருக்கு ஜனவரில வறட்டு இருமல் வந்துச்சு, ராத்திரி அதிகம். தறில பஞ்சுத்தூசு, கூடவே பனி, அதான்னு விட்டுட்டாங்க. பிப்ரவரில தானா அடங்குச்சு. மார்ச் மூணாவது வாரம் திரும்ப வந்துச்சு, இந்த தடவை படி ஏறினா மூச்சு வாங்குச்சு.

அவர் ஒரு நாள் பேச்சுவாக்குல சொன்னார், ஞாயித்துக்கிழமை வீட்டுல இருந்தாத்தான் அதிகமா இருக்குன்னு. தறித் தூசுன்னா லீவு நாள்ல குறையணும்ல? மாமியார் கணக்கு நோட்டுல அறுப்பு தேதியெல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க, அதை எடுத்து வெச்சு பாத்தா, ஜனவரி காளான் அறுத்த மாசம், பிப்ரவரில பெட்டு ஓடிட்டு இருந்துச்சு காளான் இல்ல, மார்ச் திரும்ப அறுப்பு. காளான் விரிஞ்சிருந்த வாரம் எல்லாம் இருமல்.

உள்ள போய் பாத்தேன். ரேக்குக்கு கீழ ஒரு பழைய கருப்பு ட்ரங்கு பெட்டி, அது மேல கோலமாவை சல்லடைல தூவின மாதிரி வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. விரலால இழுத்தா கோடு விழுது. அது காளானோட வித்துத்தூள். பெருசானா எடை கூடும்னு குடையோட ஓரம் மேல சுருளற வரைக்கும் விட்டு அறுத்திருக்காங்க, சிப்பிக் காளான் அந்த நிலைக்கு வந்தா கோடிக்கணக்குல தூள் விடும், கண்ணுக்கு புகை மாதிரி கூட தெரியும். ரூம் காத்து போக இருந்த நல்ல வழி அந்த வெண்டிலேட்டர்தான், அதுக்கு நேர் கீழ அவர் தலைமாடு.

டாக்டர்கிட்ட போகும்போது இதை சொல்லச் சொன்னேன், சொல்லலைன்னா பஞ்சுன்னே எழுதியிருப்பாங்க. காளான் பண்ணைல வேலை செய்யறவங்களுக்கு இந்த தூள் நுரையீரலுக்கு ஒத்துக்காம போறது ரொம்ப காலமா தெரிஞ்ச விஷயம், தொடர்ந்து உள்ள போனா நுரையீரல் அழற்சி வரைக்கும் போகலாம். டாக்டர் எக்ஸ்ரே எடுத்து பாத்துட்டு, மருந்து கொஞ்ச நாளைக்கு கொடுத்து, முக்கியமா அந்த ரூம் பக்கமே போகக்கூடாதுன்னார். வெண்டிலேட்டரை அட்டை வெச்சு டேப் ஒட்டி மூடினோம், அவர் படுக்கையை ஹாலுக்கு மாத்தினாங்க, இருந்த காளானை அன்னிக்கே அறுத்தோம், ரூமை ஈரத்துணியால துடைச்சோம், கூட்டல, கூட்டினா திரும்ப பறக்கும். பத்து பன்னெண்டு நாள்ல இருமல் முக்காவாசி குறைஞ்சுச்சு, மாச கடைசில இல்ல. அதுக்கப்புறம் குடை ஓரம் கீழ் நோக்கி வளைஞ்சு இருக்கும்போதே அறுக்கறாங்க, உள்ள போறவங்க மாஸ்க் போடறாங்க. எடை கொஞ்சம் குறையுது, ஆனா அந்த பருவத்துல அறுத்தா ருசியும் நல்லா இருக்கு, தண்டு நாராகறதில்ல.

சித்திரைல பால் காளான்

வெயில் காலத்துக்குன்னே நம்ம ஊர்ல ஒரு காளான் இருக்கு. பால் காளான், 30ல இருந்து 35 டிகிரில நல்லா வரும். பல்கலைக்கழகம் 1998ல அருப்புக்கோட்டை நிலையத்துல இருந்து ஏ.பி.கே-2ன்னு ரகமே வெளியிட்டிருக்கு. ரூமை சும்மா விட்டுட்டு, வெளிய மாடிப்படிக்கு அடியில நீலத் தார்ப்பாய் கட்டி ஏப்ரல்ல 6 பெட் போட்டாங்க. இந்த தடவை அண்டாவுல ஈடு ஈடா வேக வெச்சாங்க.

இதுல கூடுதல் வேலை மேல்மண். பெட் வெள்ளையா ஓடினதும் குறுக்க ரெண்டா வெட்டி, வேக வெச்சு ஆற வெச்ச தோட்டமண் மணல் கலவையை மேல ஒண்ணு ரெண்டு செண்டிமீட்டருக்கு பரப்பணும், மண்ணு இல்லாம அது மொட்டு விடாது. மண்ணுல தண்ணி அதிகமா தெளிச்சு முதல்ல களி மாதிரி இறுகிடுச்சு, நடுவுல ஒண்ணும் வராம ஓரத்துல மட்டும் மொட்டு வந்துச்சு. ஒரு முள் கரண்டியால லேசா கிளறி விட்டதும் ரெண்டாவது அறுப்புல நடுவுலயும் வந்துச்சு. 3 கிலோ வைக்கோலுக்கு 2 கிலோ 200 கிராம். பால் காளான் கெட்டியா, வெள்ளையா, வெளியவே ரெண்டு மூணு நாள் தாங்குது. தண்டை வட்டமா நறுக்கி பிரியாணிக்கு போட்டாங்க, மிச்சத்தை சித்திரை வெயில்ல சீவி காயப் போட்டாங்க. ஒரு கிலோ காஞ்சு 100 கிராம்தான் தேறுச்சு, பத்துல ஒன்பது பங்கு தண்ணிதானே. அதை பொடி பண்ணி ரசத்துல ஒரு ஸ்பூன் போடறாங்க, வீட்டுக்கு வர்றவங்க என்ன போட்டீங்கன்னு கேக்காம போறதில்ல.

ஆடிக்கு அப்புறம்

ஜூலை கடைசில ஆடிக் காத்து, மேகமூட்டம். 4 விதை பாக்கெட், 8 பெட், 4 கிலோ வைக்கோல். விதை வாங்கும்போது வெளிச்சத்துல தூக்கி பாத்து, சோளம் முழுக்க வெள்ளை போர்த்தி தண்ணி கோக்காம இருந்ததை மட்டும் எடுத்தாங்க. ரூம் வெப்பம் காலைலயும் மதியமும் நோட்டுல, அதிகபட்சம் 29. ஒரே ஒரு பெட்டு ஒன்பதாம் நாள் பச்சை காட்டுச்சு, யாரையும் கேக்காம அன்னிக்கு சாயங்காலமே கவரோட குழிக்கு போயிடுச்சு. மீதி 7ல 3 கிலோ 300 கிராம். போட்ட வைக்கோலுக்கு 82 சதவீதம். மார்கழி கணக்கைவிட குறைவுதான், ஆனா இது எதனால வந்துச்சுன்னு நோட்டை பாத்து சொல்ல முடியுது.

மாத்தி செய்யணும்னா

100 ரூபா தெர்மாமீட்டர் ஒண்ணு முதல் பெட்டுக்கே இருந்திருக்கணும். 4ல இருந்து 20க்கு தாவினது அதிகம், 8 போட்டிருந்தா ரூம் எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சிருக்கும், பச்சை வந்திருந்தாலும் நஷ்டம் கொஞ்சத்தோட போயிருக்கும். படுக்கற ரூமோட சுவத்தை பங்கு போடற இடத்துல காளான் போடவே கூடாதுன்னு இப்ப நான் யார் கேட்டாலும் முதல்ல அதைத்தான் சொல்றேன், விதை எங்க கிடைக்கும்னு அப்புறம்தான். என் பங்குக்கு, அந்த ரெண்டு பச்சை பெட்டை அன்னிக்கே தூக்கிப் போட்டிருந்தா 3 நல்ல பெட்டு மிஞ்சியிருக்கும், அதுல இருந்து ஒரு கிலோவாவது வந்திருக்கும்.

இப்ப அவங்க ஒரு சமயத்துல 8 பெட்டுக்கு மேல போடறதில்ல. பங்குனில இருந்து ஆனி வரைக்கும் சிப்பி கிடையாது, பால் காளான் மட்டும். திருப்பிக் கொடுத்த எட்டு வீட்டுல அஞ்சு வீடு திரும்ப ஆர்டர் கொடுத்திருக்கு, அட்வான்ஸ் வாங்கறதில்ல. அறுத்து முடிச்ச பெட்டு வைக்கோல் வாசல் தென்னைக்கு போகுது. மாமியார் தெர்மாமீட்டரை நம்பறதில்ல, காலைல எழுந்ததும் ஒவ்வொரு பெட்டு இடுக்குலயும் புறங்கையை வெச்சு பாத்துட்டுதான் காபி குடிக்கறாங்க. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் இன்னும் போறதில்ல.